வட அயர்லாந்துப் பேரவை: யாருடைய ஆதரவு? – வாசகர் கேள்வி-பதில்

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தின் சட்டமன்றமான பேரவை குறித்துச் சென்ற முறை எழுதியதற்குப் பாலக்காட்டின் கிழக்கு எல்லை, இடுக்கி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் ஆகிய பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நகரி வாசகர்: அந்தப் பேரவையும் நம் மாநிலச் சட்டப்பேரவையும் ஒன்றுதானே?

இல்லை. நம்முடையது அரசமைப்புச் சட்டத்தின்படி அமைந்தது. அங்குள்ளது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1998இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்தது. அதே நாடாளுமன்றம் 2000இல் இன்னொரு சட்டம் இயற்றி அதை இடைநிறுத்தவும் செய்தது.

மூணாறு வாசகர்: அயர்லாந்து மக்களில் 94 சதவீதம் பேர் ஆதரித்ததாகப் படித்தேன். பிறகு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

எந்த அயர்லாந்து என்று பார்க்காமல் எழுதியிருக்கிறீர்கள். 1998 மே 22ஆம் நாள், இந்தப் பேரவைக்கு வழிவகுத்த சமாதான உடன்பாட்டையொட்டி இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. 94 சதவீதம் என்பது தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசின் கணக்கு. வடக்குப் பகுதியின் மீது தங்கள் அரசமைப்புச் சட்டம் கொண்டாடிவந்த உரிமையைத் திருத்துவதற்கு அவர்கள் வாக்களித்தார்கள். பேரவை அமையவிருந்த வட அயர்லாந்தில் 81 சதவீதம் பேர் வாக்களிக்க, அவர்களில் 71 சதவீதம் பேர் ஆதரித்தனர். ஓர் எண்ணை எடுத்துச் சொல்லும் முன் அது யாருடைய எண் என்று கேட்க வேண்டும் என்பதைச் சென்ற முறையும் எழுதினேன்.

குப்பம் வாசகர்: தொடக்கத்தில் எந்தக் கட்சிகள் ஆதரித்தன?

அங்கே இரு தரப்புகள் உண்டு: பிரிட்டனோடு இருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான ஒன்றியவாதிகள்; அயர்லாந்துக் குடியரசோடு இணைய விரும்பும், பெரும்பாலும் கத்தோலிக்கர்களான தேசியவாதிகள். தேசியவாதத் தரப்பில் ஜான் ஹியூமின் சமூக ஜனநாயகத் தொழிற்கட்சியும், எச்சமூகத்தையும் சாராத அலையன்ஸ் கட்சியும் முழுமையாக ஆதரித்தன. தேசியவாதத் தரப்பின் இன்னொரு கட்சியான சின் ஃபெய்ன், அந்த அவையில் அமர்வதில்லை என்ற தன் பழைய விதியை 1998 மே மாதம் மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. டேவிட் டிரிம்பிளின் அல்ஸ்டர் ஒன்றியவாதக் கட்சி ஆதரித்தாலும், அவருடைய நாடாளுமன்ற உறுப்பினர்களிலேயே பலர் எதிரணியில் நின்றனர். இயன் பெய்ஸ்லியின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி கடுமையாக எதிர்த்தது. ஆயினும் 2007 மே மாதம் அதே பெய்ஸ்லி, சின் ஃபெய்னின் மார்ட்டின் மெக்கின்னஸைத் துணையாகக் கொண்டு முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: நூற்றுக்கு எழுபது பேர் வேண்டும் என்ற பிறகு, மிச்சம் முப்பது பேருக்காக ஓர் அரசையே நிறுத்திவைப்பது ஜனநாயகமா? பெரும்பான்மை ஆதரவு போதாதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. எல்லையில் வாழும் ஒரு தமிழரிடமிருந்தே வரும்போது எனக்கு வருத்தம் கூடுகிறது.

பெரும்பான்மை மட்டும் போதும் என்றால் வட அயர்லாந்தில் சிக்கலே எழுந்திருக்காது. 1921 முதல் 1972 வரை அங்கு ஒரு நாடாளுமன்றம் இருந்தது. அந்த அரை நூற்றாண்டு முழுவதும் ஒன்றியவாதிகளே, தேர்தலில் வென்றே, ஆண்டார்கள். உள்ளாட்சித் தொகுதிகளின் எல்லை வகுப்பிலும் வீடு ஒதுக்கீட்டிலும் கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டபோது, வாக்கின் மூலம் அதை மாற்ற அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. 1974இல் இரு தரப்பும் சேர்ந்த ஆட்சி முதன்முறையாக அமைந்தது. ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில், வட அயர்லாந்தின் 12 இடங்களில் 11ஐ அந்த ஏற்பாட்டை எதிர்த்த ஒன்றியவாதிகள் வென்றனர். மே மாதத்தில் இரண்டு வார வேலைநிறுத்தம் அந்த ஆட்சியைக் கவிழ்த்தது. முதலில் ஒரு பக்கத்தின் இசைவு இல்லை, பிறகு மறுபக்கத்தின் இசைவு இல்லை.

இதனால்தான் 1998இல், முக்கிய முடிவுகளுக்கு மொத்த வாக்கு மட்டும் போதாது, இரு தரப்பிலும் போதிய ஆதரவு வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நீங்கள் சொல்லும் எழுபது சதவீதத்துக்கே ஒரு சான்று உண்டு. 2001 நவம்பர் தொடக்கத்தில் டிரிம்பிள் மீண்டும் முதலமைச்சராகப் போட்டியிட்டபோது அவையில் பத்துக்கு ஏழு பேர் அவரை ஆதரித்தனர். ஆனால் ஒன்றியவாத உறுப்பினர்களில் 29 பேர் மட்டுமே ஆதரிக்க, 30 பேர் எதிர்த்ததால் தோற்றார். சில நாட்களில் அலையன்ஸ் உறுப்பினர் சிலர் தங்களை ஒன்றியவாதிகள் என்று பதிவுசெய்துகொண்டு வாக்களித்து அவரை வெல்லவைத்தனர். ஏடுகளில் கணக்கு நேரானது. ஒன்றியவாத மக்களிடம் ஆதரவு வளரவில்லை. 2003 தேர்தலில் அவருடைய கட்சியைப் பெய்ஸ்லியின் கட்சி முந்தியது.

என் கண்முன் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் ஒரு பஞ்சாயத்தின் கிராம சபைக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். தீர்மானம் மலையாளத்தில் வேகமாக வாசிக்கப்பட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெரியவர், முன்வரிசையில் கைகள் உயர்வதைப் பார்த்துத் தன் கையையும் உயர்த்தினார். வெளியே வந்தபின், தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு என்று என்னிடம் கேட்டார். அது அவர் தெருவுக்கு அல்ல. கூட்டக் குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெரியவரின் கையையும் சேர்த்து எண்ணித்தான் பெரும்பான்மை என்கிறோம். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: எண்ணைப் பார்க்கும் முன் அது யாருடைய எண் என்று பாருங்கள்.

குமுளி வாசகர்: சிறு தரப்புக்குத் தடுப்புரிமை கொடுத்தால் எதுவுமே நடக்காமல் போகாதா?

யோசித்துக் கேட்கப்பட்ட கேள்வி. போகும், போயிருக்கிறது. 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்துக்கும் இரு தரப்பு ஆதரவைக் கட்டாயமாக்கலாம் என்று அன்று இருந்த விதியைக் கொண்டு, 2015 நவம்பரில் 53க்கு 52 என்று நிறைவேறிய தன்பாலினத் திருமணத் தீர்மானத்தை ஒன்றியவாதிகள் தடுத்தார்கள். சிறுபான்மையைக் காக்க வைத்த விதியை இப்படிப் பயன்படுத்தியது தவறு என்பதே என் கருத்து. 2017 முதல் மூன்று ஆண்டுகளும், 2022 முதல் இரண்டு ஆண்டுகளும் ஆட்சியே இல்லாமல் கழிந்தன. முதல் முறை விலகியது சின் ஃபெய்ன், அடுத்த முறை ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி. இத்துடன், 2022இல் 90 இடங்களில் 17ஐ வென்ற அலையன்ஸ் எத்தரப்பிலும் சேராததால், முக்கிய வாக்கெடுப்புகளில் அதன் வாக்குக்கு மற்றவர்களின் வாக்குக்குள்ள எடை இல்லை. விதியைத் திருத்தலாம், நீக்கினால் 1972க்கு முந்தைய நிலைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பீர்மேடு வாசகர்: தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களுக்கும் இப்படி ஒரு தனி அவை கேட்டால் ஆதரவு கிடைக்குமா?

யாருடைய ஆதரவு? அந்த மலைகளில் தமிழரோடு மலையாளிகளும் முதுவர் முதலிய பழங்குடி மக்களும் வாழ்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு முன், கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். அடுத்த மனுவைத் தமிழில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.