புது சோஃபா வேண்டாம், முதலில் பல்பை மாற்றுங்கள்

வாடகை வீடு, பெயின்ட் அடிக்க முடியாது, கையில் காசும் குறைவு, ஹால் மட்டும் சோர்ந்துபோய் இருட்டாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சோஃபா வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வெள்ளை வெளேரென்று எரியும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பல்பாக இருந்தால் கழற்றிவிட்டு 2700 அல்லது 3000 கெல்வின் போடுங்கள், டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும், லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வெளுத்த சோஃபா துணிகூட அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இதமாகத் தெரியும். அப்புறம் கனமான திரைச்சீலையை எடுத்துவிட்டு மெல்லிய வெளிர்நிறத் துணி போடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றைத் தரையில் சாய்த்து வைத்தால் ஆணியும் தேவையில்லை, பகல் வெளிச்சமும் அறைக்குள் திரும்பி விழும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது சரியாதபடி கட்டாயம் முட்டுக் கொடுங்கள்.