ஐசியூவில் பல நாட்டு நோயாளிகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

சகோதரி, வெளிநாட்டு ஐசியூவில் சேரப் போகிறீர்கள்; எந்த மதத்தாருக்கு என்ன வழக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரே மதத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக இருப்பார்கள். பட்டியலை நம்பிவிட்டால் நோயாளியிடம் கேட்கவே தோன்றாது.

முடிந்தால் மூச்சுக்கு டியூப் போடுவதற்கு முன்பே நோயாளியிடம் கேளுங்கள், முடியாவிட்டால் குடும்பத்தாரிடம். எந்த மொழி வசதி? நோயின் நிலவரத்தை யாரிடம் சொல்ல வேண்டும்? உடம்பு துடைக்க ஆண் நர்ஸா, பெண் நர்ஸா? முடி, தாடி, கட்டியிருக்கும் கயிறு இவற்றைத் தொடலாமா? ரத்தம் ஏற்றலாமா? யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பொதுவாகச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் எதையும் ஏற்பதில்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின் என்ற புரதம் போன்றவற்றை அவரவர் மனசாட்சிப்படி முடிவு செய்வார்கள். அதனால் ‘ரத்தம் வேண்டாம்’ என்ற ஒற்றை வரி சார்ட்டில் போதாது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதட்டும்.

டெலிரியம், அதாவது நோயின்போது திடீரென வரும் மனக்குழப்பம், இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். அதற்கான கேம்-ஐசியூ (CAM-ICU) பரிசோதனையில் பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்லி, ‘ஏ’ வரும்போது கையை அழுத்தச் சொல்வோம். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று கணக்கு. ஆங்கிலமே தெரியாதவர் தவறினால் அது மொழியால் வந்த பிழையாக இருக்கலாம். அதை டெலிரியம் என்று எழுதினால் தேவையில்லாத மருந்து ஏறும். அவர் மொழியில் அந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று வார்டில் கேளுங்கள்.

வலியிலும் இப்படித்தான். அமைதியாகக் கிடப்பவருக்கு வலி இல்லை, கத்துபவர் மிகைப்படுத்துகிறார் என்ற இரண்டு எண்ணமுமே நோயாளிக்குக் கேடு. பேச முடியாதவருக்கு சிபாட் (CPOT) என்ற வலி அளவீட்டைப் போடுங்கள். அதில் பார்ப்பது நான்கு: முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வெண்டிலேட்டரோடு ஒத்துப்போவது. மொத்தம் 8 மதிப்பெண்; அதில் 3 வந்தாலே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியையோ மகனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ‘பிழைப்பது கஷ்டம்’ என்று டாக்டர் சொன்னது அவர்கள் வாயில் ‘குணமாகக் கொஞ்ச நாளாகும்’ என்று மாறிவிடும். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதை நம்பிச் சம்மதம் வாங்க முடியாது. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். விஷயத்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்து இரண்டிரண்டு வாக்கியமாகப் பேசுங்கள். ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டில் மற்றவர்களுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள்.

தெரிந்துகொண்டதை சார்ட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரிலும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதே கேள்வியால் குடும்பம் நொந்துபோகும்.

உயிர் பிரியும் நிலை வந்தால், உடலை யார் கழுவுவார்கள், யார் கூட இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுவையுங்கள். பிரேதப் பரிசோதனை வரும் என்று தெரிந்தால், அனுமதி வரும்வரை டியூபையும், ரத்தக்குழாயில் போட்ட லைன்களையும் எடுக்காதீர்கள். அதற்கான காரணத்தையும் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.