இடுப்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கும் அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ரேடியேசனும் கிழமைக்கொரு கீமோவும் நடக்கிறது, இது மூன்றாவது கிழமை. இரத்தம் போவது நின்றுவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்று இப்பவே ஸ்கான் எடுத்துப் பார்க்கலாமா? 2009 இல் பட்ட செல் துண்டொன்று இடுப்பில் இருக்கிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இரத்தம் நின்றது நல்ல அறிகுறிதான். ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் செல் துண்டு. அது பெரும்பாலும் இரும்பு. எம்ஆர்ஐ காந்தம் அதை இழுக்கும், சூடாக்கவும் கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. இடுப்புத் தசைக்குள் பல வருடமாகத் தழும்பேறிக் கிடப்பது பெரும்பாலும் அசையாது. ஆனாலும் அதை நீங்களோ நானோ ஊகிக்கக்கூடாது. ஸ்கானுக்குத் திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரே எடுத்து, துண்டு இருக்கும் இடத்தைப் பார்த்து, கதிரியக்க வைத்திய நிபுணர் முடிவெடுப்பார். காயம் ஆறிவிட்டது என்று நினைத்துப் பலர் இதைச் சொல்லாமலே விடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்பைச் சுற்றிப் படத்தில் கறுப்புக் குழி விழும். அது கருப்பைக் கழுத்தின் மேல் விழுந்தால் படம் பயன்படாது. அப்போது சிரி (CT) ஸ்கானும் வைத்தியரின் உட்பரிசோதனையும்தான் கைகொடுக்கும். சிரியில் நெறிக்கட்டியும் சிறுநீரக வீக்கமும் தெரியும்; கட்டியின் எல்லை அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இப்பவே எடுக்க அவசரமில்லை. வழமையாக, 25 முதல் 28 தடவை கொடுக்கும் வெளிக்கதிர் (உடலுக்கு வெளியிலிருந்து கொடுப்பது) முடியும் தறுவாயில், உட்கதிருக்கு (குழாய் வைத்து உள்ளிருந்து கொடுப்பது) முன் எம்ஆர்ஐ எடுப்பார்கள். உட்கதிர்க் குழாயை எப்படி வைப்பது, எவ்வளவு கதிர் கொடுப்பது என்பதை மிஞ்சிய கட்டியின் அளவே தீர்மானிக்கும். அந்தப் படத்தில் கட்டி சாம்பல் நிறமாகவும், நல்ல கழுத்துத் திசு அதைச் சுற்றிக் கறுப்பு வளையமாகவும் தெரியும். அறுந்திருந்த வளையம் திரும்ப முழுதாகத் தெரிந்தால் மருந்து பிடிக்கிறது என்று பொருள். 6 செ.மீ. இருந்த கட்டி 4 செ.மீ. ஆகிவிட்டால், குறைவு 33 வீதம். 30 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அதைப் பகுதிப் பலன் என்போம்.

அடுத்தது, சிகிச்சை முழுக்க முடிந்து மூன்று மாதத்தில். அதற்கு முன் எடுத்தால் கதிரால் வந்த வீக்கம் பெற் (PET) ஸ்கானில் கட்டி போலவே ஒளிரும். வீணாகப் பயப்படுவீர்கள். முதல் ஸ்கானின் சீடியைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். ரிப்போட் மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது.

சிறுநீரகத்தையும் கவனியுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அதைத் தாக்கும். கட்டி சிறுநீர்க்குழாயை நெரித்தாலும் பழுதாகும். ஒவ்வொரு கீமோவுக்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஸ்கான் படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றுவதென்றால் அந்த ரிப்போட்டைக் காட்டுங்கள். பலனைப் பார்க்க மருந்து ஏற்றாத எம்ஆர்ஐயே பெரும்பாலும் போதும்.

ஸ்கான் திகதியும் ரேடியேசன் நாளும் ஒன்றாக வந்தால் ஸ்கானைத் தள்ளிப்போடக் கேளுங்கள். வெளிக்கதிரும் உட்கதிரும் சேர்த்து எட்டுக் கிழமைக்குள் முடிய வேண்டும். நாள் இழுபட்டால் கட்டி திரும்ப வளர இடம் கிடைக்கும்.