ஆட்டோ எங்கே நிற்கும்?

கேள்வி: காட்பாடிப் பக்கம் குடியிருக்கிறோம். மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பின்மனையையும் வாங்கி நான்கு மாடி எழுப்புகிறது. புது கேட் எங்கள் தெருவில் திறக்குமாம். இப்போதே காலையில் ஸ்கூல் வேன் வாசலுக்கு வர முடிவதில்லை. கேஸ் போடலாம் என்கிறார் கணவர். ஆஸ்பத்திரி கட்டுவதைத் தடுத்தால் பாவம் என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, வேலூர்

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள், ஆனால் சும்மா இருக்காதீர்கள். கட்டடத்தை விட்டுவிட்டு கேட்டைப் பிடியுங்கள். நகரமைப்புப் பிரிவில் வரைபடம் பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், தெருவை அடைப்பது மாடிகளை விட அந்த கேட்தான்.

வரைபடத்தில் கார் நிறுத்த இடம் கணக்காகக் காட்டியிருப்பார்கள். விதி அதைக் கேட்கிறது, காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் யார்? வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திராவிலிருந்து ரயிலேறி காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்கள். அவர்களுக்கு ஏது கார்? ஆட்டோவில் வருவார்கள், லாட்ஜில் தங்குவார்கள், மறுநாள் ரிப்போர்ட் வாங்க மறுபடி ஆட்டோ. அடித்தளத்தில் எத்தனை கார் நின்றாலும் அந்த ஆட்டோ உங்கள் வாசலில்தான் நிற்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஆட்டோ கேட்டுக்குள் நுழைந்து ஆளை இறக்கிவிட்டு வேறு வழியாக வெளியேற இடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான்.

அடுத்தது செக்யூரிட்டி தடுப்புக் கம்பம். கேட்டை ஒட்டியே அதை வைத்தால் டோக்கன் கிழிக்கிற நேரத்துக்குள் பின்னால் வருகிற வண்டிகள் தெருவில் வரிசை கட்டும். நான்கைந்து கார் நீளம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. டூவீலருக்குக் கட்டணம் வாங்கினால் அத்தனை வண்டியும் உங்கள் வீட்டு காம்பவுண்டில்தான் சாயும், அதையும் பேசுங்கள். ஊழியர் ஷிஃப்ட் மாறுகிற நேரமும் ஸ்கூல் வேன் நேரமும் ஒன்றாக வராமல் அரை மணி தள்ளி வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். கட்டுமானம் முடியும்வரை டிப்பரும் கான்கிரீட் லாரியும் பள்ளி நேரத்தில் வரக்கூடாது, முறைக்குக் காத்திருக்கிற லாரி மெயின் ரோட்டோடு நிற்க வேண்டும் என்று இன்ஜினீயரிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, மேஸ்திரி மாறினால் வார்த்தையும் மாறிவிடும்.

சரி, எப்படிக் கேட்பது? அனுமதி தந்த அலுவலகத்தில், அது மாநகராட்சியோ நகர் ஊரமைப்போ, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அனுமதித்த வரைபடமும் நிபந்தனைகளும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தையும் படித்துப் பாருங்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்பு வைப்பார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு அது கட்டாயமில்லை.

அனுமதித்த வரைபடத்தில் பின்பக்க கேட் இல்லாமலே சுவரை இடிக்கிற ஆட்களும் உண்டு. அப்படி இருந்தால் உங்கள் பிடி இறுகும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்று தருகிற பணி நிறைவுச் சான்று என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. அந்தச் சான்றுக்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால் மதிப்பு. திறப்பு விழா முடிந்து, வாழைமரம் காய்ந்தபின் போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மனுவை திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள். 'எங்களுக்குத் தொந்தரவு' என்று எழுதினால் ஆயிரத்தில் ஒரு மனுவாகப் போகும். ஒரு வார நாளில் காலை எட்டிலிருந்து பத்து வரை திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை ஆட்டோ, எத்தனை பைக், எத்தனை நிமிஷம் நின்றது என்று நோட்டில் குறித்து இணையுங்கள்.

ஒருவழிப் பாதை கேட்பதாக இருந்தால் அடுத்த தெருக்காரர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், நெரிசல் அவர்கள் தலையில்தான் போய் விழும். தெருவுக்கே கேட் போட்டுப் பூட்டும் யோசனை யாராவது சொன்னால் வேண்டாம். அப்புறம், கோபிக்காதீர்கள் அம்மா. தெருவில் நீட்டிக் கட்டிய படியும் சாய்தளமும் எத்தனை வீட்டுக்கு? அதிகாரி வந்து முதலில் அதைத்தான் அளப்பார்.

கேள்வி: ஆஸ்பத்திரி இருக்கும் எங்கள் ரோட்டில் வேகத்தடை போடச் சொல்லலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆம்புலன்ஸ் போகிற ரோட்டில் கேட்காதீர்கள். இடுப்பு உடைந்து படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு தடையும் ஒரு அலறல். கிளைத்தெருவாக இருந்து, போட்டே ஆக வேண்டும் என்றால், வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், உருண்டை வடிவில் போட வேண்டும் என்பது சாலைகளுக்குத் தர அளவு வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவு. கான்ட்ராக்டர் மிச்சத் தாரைக் குவித்துவிட்டுப் போகிற மேட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது.