ஒரு கடனுக்குத்தானே ஜாமீன் போடுகிறேன்?

கேள்வி: நண்பரின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பத்திரத்தின் வரையறைப் பகுதியில், "கடன் என்பது கடனாளி இப்போதோ இனிமேலோ, தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ, முதன்மைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ, உறுதியாகவோ நிகழ்வைப் பொறுத்தோ செலுத்த வேண்டிய எல்லாத் தொகைகளும்" என்று இருக்கிறது. இந்த ஒரு கடனோடு என் பொறுப்பு முடிந்துவிடும்தானே?

பதில்: இந்த வாசகத்தோடு கையெழுத்துப் போட்டால், முடியாது. ஜாமீன் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் தொகையைத்தான் தேடுவார்கள். பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதோ, பலரும் படிக்காமல் புரட்டிவிடும் வரையறைப் பகுதியில் இருக்கிறது. பின்னால் ‘கடன்’ என்று எங்கு வந்தாலும் அந்த நீண்ட வாக்கியத்தைப் பொருத்தித்தான் படிக்க வேண்டும்.

‘இனிமேலோ’ என்று இருப்பதால், நண்பர் பின்னாளில் அதே நிறுவனத்தில் வாங்கும் வேறு கடனும் உள்ளே வந்துவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. ‘பிறருடன் சேர்ந்தோ’ என்றால் கூட்டாளியோடு வாங்கியதும் சேர்த்தி. எனக்கு அதிகம் உறுத்துவது ‘பிணையாளராகவோ’ என்பதுதான். உங்கள் நண்பர் அங்கேயே தம் மைத்துனருக்கு ஜாமீன் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். மைத்துனர் கட்டாமல் கைவிரித்தால் பொறுப்பு நண்பர் தலையில் விழும். நண்பரும் கட்டாவிட்டால், நீங்கள் முகம்கூடப் பார்த்திராத அந்த மைத்துனரின் கடனை உங்களிடம் கேட்பார்கள்.

‘நிகழ்வைப் பொறுத்து’ வரும் பொறுப்பை, அதாவது ஏதாவது ஒன்று நடந்தால் மட்டுமே தலையில் விழும் பொறுப்பை, சட்டம் பொதுவாகக் கடன் என்று எடுத்துக்கொள்வதில்லை. 1883-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘வெப் எதிர் ஸ்டென்டன்’ வழக்கில் இதை அலசியது. பணம் கட்டும் நாள் பின்னால் இருக்கலாம், ஆனால் கட்டுவதற்கான கடப்பாடு இப்போதே இருந்தால்தான் அது கடன் என்பது அதன் சாரம். அந்த வேலியைத் தாண்டத்தான் வக்கீல்கள் இத்தனை ‘ஓ’க்களை அடுக்குகிறார்கள். வாசகத்தில் குழப்பம் இருந்தால் நீதிமன்றம் ஜாமீன்தாரர் பக்கம் சாய்வது உண்டு. ஆனால் இங்கே குழப்பமே இல்லையே!

சரி, என்ன செய்யலாம்? வரையறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘இன்ன தேதியிட்ட கடன் ஒப்பந்தத்தின்படி கடனாளி செலுத்த வேண்டிய தொகை’ என்று இருந்தால் போதும். அப்புறம் உச்சவரம்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். வரம்பு அசலுக்கு மட்டும் என்றால் வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகும். ‘இவை அனைத்தும் உட்பட’ என்று எழுதி வாங்குங்கள்.

‘கடப்பாடுகள்’ என்று தனியாக ஒரு வரையறை இருந்தால் அதையும் பாருங்கள். காப்பீட்டைப் புதுப்பிப்பது, கணக்கு சமர்ப்பிப்பது போன்ற பணம் சாராத விஷயங்கள் அதில் இருக்கும். அவற்றில் ஒன்று தவறினாலே முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் ஷரத்து வேறோர் இடத்தில் இருப்பது வழக்கம்.

மாற்ற மறுத்தால், என் யோசனை கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே. நட்புக்காகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கடனோடு நிற்காமல் அடுத்தடுத்த கடன்களுக்கும் நீளும் தொடர் ஜாமீனாக இருந்தால், பாக்கி ஒருமுறை பூஜ்யமானாலும் பத்திரம் உயிரோடுதான் இருக்கும். புதுக் கடன்களுக்கு இனி நான் பொறுப்பல்ல என்று எழுத்துமூலம் அறிவித்து விலகப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. அதுவரை ஏறிய பாக்கி உங்களை விடாது. நண்பர் கடைசித் தவணையைக் கட்டியதுமே விடுவிப்புக் கடிதம் கேளுங்கள், அப்போது மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. அவர் அடுத்த கடனை வாங்கிய பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.