அம்மாவுக்குத் தெரியாமல் அம்மா போட்ட கையெழுத்து

கேள்வி: என் தந்தை 26 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அறக்கட்டளை, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக ஒரு பள்ளியை நடத்துகிறது. அப்பா தலைவர், நான் செயலாளர். அம்மாவும் அப்பாவின் நண்பர்கள் இருவரும் மற்ற அறங்காவலர்கள். நண்பர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். தம்பி சம்பளத்துக்கு நிர்வாக மேலாளராக இருக்கிறான். நன்கொடை குறைந்துகொண்டே வந்ததால், நிதி திரட்ட வழிகாட்டும் ஆலோசகர் ஒருவரை மாதக் கட்டணத்துக்கு அமர்த்தினோம். ஏழு மாதங்களாகியும் பெரிய நன்கொடை எதுவும் வரவில்லை. அவரோ அறங்காவலர் குழுவைப் பற்றியே துருவித் துருவிக் கேட்கிறார். போன கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் “உங்களுக்குப் பிறகு யார் பொறுப்பேற்பார்கள்?” என்று அப்பாவைக் கேட்டுவிட்டார்; அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒரு பெரிய நன்கொடை நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டார், அதையும் கொடுத்தேன். அம்மா கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர் கையெழுத்து வேண்டிய இடங்களில் வழக்கம்போல நானே போட்டுவிடுவேன் என்பதால் குறிப்பேடு ஒழுங்காகவே இருந்தது. இப்போது வேறோர் ஆலோசகர், மாதக் கட்டணம் வேண்டாம், திரட்டித் தரும் தொகையில் ஒரு பங்கு தந்தால் போதும் என்கிறார். இவரை நிறுத்திவிட்டு அவரை அமர்த்தலாமா? அப்பாவின் மனம் நோகாமல் நிதியைப் பெருக்க என்ன வழி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டாவது ஆலோசகரை அமர்த்த வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்த ஒரு வரியை என்னால் கடக்க முடியவில்லை. அம்மாவின் கையெழுத்தை “வழக்கம்போல நானே போட்டுவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் குறிப்பேடு ஒழுங்காக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறுவனர் குடும்பமே நடத்தும் அறக்கட்டளைகளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஆலோசகர்மீது கோபம் இருக்கும், அப்பாவின் மனவருத்தம் இருக்கும், பணம் வரவில்லை என்ற ஏக்கம் இருக்கும். கடிதத்தின் நடுவே எங்கோ இப்படி ஒரு வரியும் இருக்கும். எழுதியவருக்கு மட்டும் அது கண்ணில் பட்டிருக்காது.

நீங்கள் செய்தது பொய்க் கையெழுத்து. மகள் போட்டாலும், அன்போடு போட்டாலும், ஒரு காசுகூட எடுக்காமல் போட்டாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. கூட்டக் குறிப்பேடு என்பது, இன்ன நாளில் இன்னார் கூடி, இன்ன தகவலைப் பார்த்து, இந்த முடிவை எடுத்தார்கள் என்பதற்கு அறக்கட்டளையிடம் இருக்கும் ஒரே சாட்சி. வராத ஒருவரை வந்ததாகக் காட்டும் குறிப்பேட்டை நீங்கள் ஒழுங்கானது என்கிறீர்கள். அதில் வெற்றிடம் இருந்திருந்தால், அந்த வெற்றிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கும்.

இனி அம்மாவை நினைத்துப் பாருங்கள். அறங்காவலர் என்பது மரியாதைக்காகச் சூட்டப்படும் பட்டமன்று. அறங்காவலர்கள் குழுவாகச் சேர்ந்து முடிவெடுப்பவர்கள், அந்த முடிவுகளுக்குச் சேர்ந்தே பொறுப்பேற்பவர்கள் என்பதுதான் பல நாடுகளின் அறக்கட்டளைச் சட்டங்களுக்கு அடிப்படை. நாளைக்கு ஒரு செலவைப் பற்றியோ, ஒரு குழந்தைக்கு நேர்ந்த தீங்கைப் பற்றியோ, தம்பியின் சம்பளத்தைப் பற்றியோ கேள்வி எழுந்தால், “நீங்கள் இருந்து ஒப்புக்கொண்ட தீர்மானம் இதோ” என்று அம்மாவின் முன்னால் ஒரு பக்கத்தை விரிப்பார்கள். அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடத் தெரியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது வேறு எங்கும் இவ்வளவு பொருந்தாது. அப்போது அவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்: “என் மகள் போட்டாள்” என்று சொல்ல வேண்டும், அல்லது உங்களைக் காப்பாற்றுவதற்காகத் தானும் பொய் சொல்ல வேண்டும். பெற்றவளை அப்படி ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு உங்களுக்கு என்ன உரிமை?

இது மிகையான பயம் என்று தோன்றினால் இலண்டனில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகளுக்காக இயங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற புகழ்பெற்ற தொண்டு அமைப்பு 2015 ஆகஸ்டில் ஒரேயடியாக மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குழந்தைகள் அன்றே நடுத்தெருவில் நின்றார்கள். 2016 தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அறிக்கை அறங்காவலர்களைக் கடுமையாகக் குறைகூறியது. அவர்கள் சில ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கக்கூடாது என்று தடை கேட்டு வழக்கும் தொடுக்கப்பட்டது. 2021-இல் உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. ஆனால், ஊதியமே வாங்காத அந்த அறங்காவலர்கள் அதுவரை பல ஆண்டுகள் வழக்கைச் சுமந்தார்கள். கூட்டங்களுக்கு வந்து, கணக்கைக் கேட்டு, விவாதித்தவர்கள் என்பதால் தங்கள் முடிவுகளுக்கு அவர்களால் நீதிமன்றத்தில் விளக்கம் தர முடிந்தது. உங்கள் அம்மாவால் எதை விளக்க முடியும்?

இப்போது உங்கள் ஆலோசகரிடம் வருகிறேன். நிதி திரட்ட வந்தவர் குழுவைப் பற்றி ஏன் கேட்கிறார் என்பதுதானே உங்கள் குறை? பெரும் தொகை தருகிறவர், பள்ளியைப் பார்த்து மனம் இளகிவிட்டு அப்படியே பணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. குழுவில் யார் யார், அவர்களுக்குள் உறவு என்ன, சம்பளம் வாங்குவோர் யார், அதை நிர்ணயித்தவர் யார், ஒருவரின் சொந்த நலனும் அறக்கட்டளையின் நலனும் மோதும் நலமுரண் ஏற்பட்டால் அவர் விலகியிருக்கும் விதி உண்டா, தலைவர் இல்லாத நாளில் இந்தப் பள்ளி என்னவாகும் என்றெல்லாம் கேட்பார். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற பெரிய அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990, 2008-இல் திருத்தப்பட்டபோது இத்தகைய கேள்விகளுக்கென்றே ஒரு பகுதி அதில் சேர்ந்தது. குழு உறுப்பினர்களுக்குள் குடும்ப உறவு உண்டா என்று அது கேட்கிறது. கூட்ட நடவடிக்கைகள் அந்தந்தக் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டனவா என்றும் கேட்கிறது. நிரப்பிய படிவம் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடுகிறது. ஆக, உங்கள் ஆலோசகர் தன் வேலையை விட்டுவிட்டு வேறெதையோ கிளறவில்லை. நன்கொடையாளர் கேட்கப்போகும் கேள்விகளை அவருக்கு முன்னதாக உங்களிடம் கேட்டிருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

உங்கள் குழுவையே எண்ணிப் பாருங்கள். ஐவரில் மூவர் ஒரே குடும்பம், ஒருவர் வெளிநாட்டில். தம்பியின் சம்பளத்தைத் தீர்மானிக்கும்போது அப்பாவும் அம்மாவும் நீங்களும் முறைப்படி விலகியிருக்க வேண்டும். அப்படி விலகினால் அறையில் மிஞ்சுகிறவர் அப்பாவின் நண்பர் ஒருவர் மட்டுமே. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும், எத்தனை தீர்மானங்கள் அம்மாவின் பெயரைக் கணக்கில் சேர்த்ததால் மட்டும் நிறைவேறியவை என்பது உங்களுக்கே தெரியும். தம்பி திறமையாக உழைக்கிறவராகவே இருக்கலாம். உழைத்து வாங்கும் சம்பளத்தைக்கூட ஐயத்துக்கு இடமாக்கிவிட்ட பொறுப்பு, தீர்மானத்தை அப்படி எழுதியவரைச் சேரும்.

“உங்களுக்குப் பிறகு யார்?” என்ற கேள்வியைச் சபையில் கேட்டிருக்க வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், மூத்தவரிடம் முதலில் தனியாகப் பேசியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி 26 ஆண்டுகளில் அப்பாவின் காதுக்கு இப்போதுதான் முதன்முறையாக வருகிறது என்றால், அது மகளாகவும் செயலாளராகவும் இருக்கும் நீங்கள் கேட்கத் தவறிய கேள்வி. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று முழுமனதோடு நம்புகிறவள் நான். அவர்கள் விரும்பாததைப் பேசாமலிருப்பது அந்தக் கடமையில் மிகச் சிறிய பங்கு. அவர்கள் கட்டியது அவர்களுக்குப் பிறகும் நிற்கும்படி செய்வதும், அவர்கள் பெயர் அவர்கள் அறியாமல் கெடாதபடி பார்ப்பதும் அதைவிடப் பெரியவை. அப்பாவின் முகம் வாடக்கூடாது என்பதற்காக அம்மாவின் பெயரை அடகு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கும் நீங்கள் கடமைப்பட்டவர். அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ஏழு மாதங்களில் பணம் வரவில்லை என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அறிமுகமில்லாத ஒரு பெரிய நன்கொடையாளரோடு உறவு கனிந்து பணமாக ஓராண்டுக்கும் மேல் ஆவது இயல்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இத்தனை மாதங்களில் இவ்வளவு தொகை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கேளுங்கள். நேர்மையான ஆலோசகர் அப்படி எழுதித் தரமாட்டார். திட்டத்தை வகுப்பது, நன்கொடையாளர் பட்டியலைச் செப்பனிடுவது, விண்ணப்பங்களை எழுத உதவுவது, குழுவுக்குப் பயிற்சி தருவது என்று வேலையைத்தான் எழுதித் தருவார். நன்கொடையாளரின் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் அறங்காவலர்கள். குழு உறுப்பினர்கள் தம் கையிலிருந்து முதலில் ஏதேனும் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் அவர் உங்களிடம் கேட்டிருப்பார். கேட்கவில்லையென்றால் அதுதான் அவர்மீது எனக்குள்ள குறை.

பங்கு கேட்கும் இரண்டாமவரைத் தவிர்க்கச் சொன்னதற்கான காரணத்துக்கு வருகிறேன். 1935-இல் அமெரிக்காவில் நிதி திரட்டல் ஆலோசனை நிறுவனங்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தபோதே, திரட்டும் தொகையில் பங்கு வாங்குவதில்லை, செய்யும் பணிக்குக் கட்டணம் மட்டுமே வாங்குவது என்ற நெறியை வகுத்துக்கொண்டன. 1960-இல் தோன்றி, இன்று பல நாடுகளில் பரவியுள்ள நிதி திரட்டும் தொழில்முறையாளர் சங்கமும் தன் நெறிமுறையில் பங்கு அடிப்படையிலான ஊதியத்தைத் தடை செய்திருக்கிறது. பங்கு வாங்குகிறவருக்கு இன்று வரும் தொகைதான் கணக்கு. நன்கொடையாளர் மனம் கசந்து அடுத்த ஆண்டு விலகிப் போனால் அந்த இழப்பு உங்களுடையது. பல ஆண்டுகளாகத் தாமாகவே கொடுத்துவருபவரின் பணத்திலும் தன் பங்கை அவர் கேட்பார். குழந்தைகளின் செவிப்புலக் கருவிகளுக்கென்றே ஒருவர் தந்த தொகையிலிருந்து அவருக்குப் பங்கு பிரிக்கவே முடியாது. அப்போது அதை எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? சட்டம் இதைத் தடுத்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. திரட்டும் தொகையில் தொழில்முறைத் திரட்டுவோர் எடுக்கும் விகிதத்தை அரசு கட்டுப்படுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1988-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அறங்காவலர்களின் விவேகம்தான் அங்கே காவல். அந்த விவேகத்துக்கு மெய்யாகவே கூடி விவாதிக்கும் ஒரு குழு வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கும் முன்னால், ஆலோசகருக்கும் முன்னால், அவரிடம். எந்த எந்தக் கூட்டங்கள், எந்த எந்தத் தீர்மானங்கள் என்று குறிப்பேட்டை எடுத்து அவர் முன் வைத்து, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுங்கள். “அம்மாதானே, ஒன்றும் சொல்லமாட்டார்” என்று இத்தனை ஆண்டுகள் நினைத்தீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்று இந்த முறை கேளுங்கள், கோபித்துக்கொண்டால் அதையும் கேளுங்கள். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தையும் கிழிக்காதீர்கள், அடித்து எழுதாதீர்கள், பழைய தேதியிட்டு அவரிடம் இப்போது கையெழுத்து வாங்கவும் கூடாது. அது முதல் தவற்றைவிட மோசமானது.

அடுத்த நாளே ஆலோசகரிடம் சொல்லி, அந்தக் குறிப்புகளோடு விண்ணப்பம் போய்விடாமல் நிறுத்துங்கள். போய்விட்டிருந்தால் திரும்பப் பெறுங்கள். பெரிய வாய்ப்பு கைநழுவும்தான். பொய்க் கையெழுத்தைக் காட்டிப் பெறும் பணத்தை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆலோசகர் பெயரும் அந்த விண்ணப்பத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். உங்களை நம்பி அதை வைத்தவர் அவர்.

பிறகு, குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒரு வழக்குரைஞரைப் பார்த்து, எந்தத் தீர்மானங்கள் செல்லும், எவற்றை மீண்டும் முறைப்படி எடுக்க வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு, நண்பர்கள் இருவரும் கலந்துகொள்ளும்படி ஒரு கூட்டத்தைக் கூட்டி, நடந்ததை நடந்தபடி பதிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களிடம் பதவி விலகச் சொன்னால் விலகுங்கள். வெளியார் மூவரையாவது குழுவில் சேர்க்கும் பேச்சையும் அங்கேயே தொடங்கலாம். பெயர்களைத் தேடுவதில் உங்கள் ஆலோசகர் உதவுவார், அவர் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான்.

அம்மா அறங்காவலராகத் தொடர விரும்பினால் அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பும் கணக்கும் அவர் கைக்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேரட்டும். விலக விரும்பினால் விலகல் கடிதத்தை அவரே எழுதட்டும்; அதில் நீங்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.