பள்ளி விட்ட பிறகும் சேர்ந்து படிக்க

கேள்வி: கோத்தகிரி அருகே ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் ஹட்டிகளிலிருந்தும் (படகர் ஊர்கள்) தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். காட்டெருமை நடமாடும் வழி என்பதால், பள்ளி முடிந்ததும் யாரையும் நிறுத்தி வைக்க முடிவதில்லை. வாட்ஸ்அப் குழு தொடங்கினால், ஒருவர் விடையை மற்றவர்கள் அப்படியே எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நாற்பது பேர் குழு அறிவிப்புப் பலகையாகத்தான் இருக்கும், நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீங்களும் இருங்கள். கைப்பேசி பெரும்பாலும் பெற்றோருடையது. அவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியும் என்பதைச் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே சேருங்கள்.

எல்லாருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தால் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். அதைப் பிள்ளைகளின் குற்றமாக நான் கருதவில்லை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லாதபோதுதான் கேட்கவும் சொல்லவும் தேவை பிறக்கிறது. நீலகிரியில் அதற்கு மழையே போதும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பெய்ததை அளக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போட்டால் மழைமானி தயார். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. உங்கள் பிள்ளைகள் பேருந்துக்குக் கிளம்பும் முன் 7 மணிக்கு அளக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் அளந்தால் சரி. அளந்ததும் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்கே கொண்டுவர வேண்டும்.

மாவட்டத்தின் மேற்கே, கூடலூரை அடுத்த தேவாலாப் பக்கத்துப் பள்ளி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும் நாட்களில், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் மறைவில் இருக்கும் கோத்தகிரியில் குறைவாகவே பெய்யும். வடகிழக்குப் பருவமழையிலோ உங்கள் பக்கம் வலுக்கும். இந்த வேறுபாடு ஏன் என்பதே குழுக்கள் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி.

நேரலைக் காணொலி வகுப்பு வேண்டாம். சிக்னல் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது பயன்படும். ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பிக்கும் குறைவு. சிக்னல் இல்லாத லைன் வீட்டில் பேசி அனுப்பினாலும், பேருந்து மேடேறிச் சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேர்ந்துவிடும். தட்டச்சில் தயங்கும் பிள்ளையும் வாயால் விளக்கிவிடுவாள். கைப்பேசியே இல்லாத பிள்ளை, தன் நோட்டிலுள்ள அளவைப் பள்ளியில் தோழியின் பதிவில் தன் குரலிலேயே சொல்லட்டும்.

மழை வேறுபாட்டின் காரணத்தை முதல் மூன்று நாட்களாவது நீங்கள் சொல்லாதீர்கள். தவறான விளக்கம் வந்தால், 'இவள் சொன்னதற்கு உன் அளவு ஒத்துப்போகிறதா?' என்று அந்தக் குழுவிலேயே இன்னொரு பிள்ளையைக் கேளுங்கள்.